பாம்பு மேடேறிய வருஷம்

முதல் பாம்பை அமிர்தவல்லி ஒரு செவ்வாய்க்கிழமை கண்டாள். சுனாமி வந்துபோன அடுத்த ஐப்பசி அது. பாச்சலூருக்குத் தெற்கே, மலைச்சரிவில் இருக்கும் காப்பித் தோட்டத்தின் ஓடைக்காட்டில் அவள் களை வெட்டிக்கொண்டிருந்தாள்.

பாம்பு அவளுக்குப் புதிதில்லை. இருபத்து நாலு வருஷமாக அதே தோட்டத்தில் குனிந்து வேலை பார்க்கிறவள். எது எங்கே கிடக்கும் என்பது அடுப்படிச் சாமான் மாதிரி அவளுக்கு அத்துபடி. பச்சை விரியன் ஓடையோரத்து மூங்கிலை விட்டு நகராது. சாரை எலிவளையைச் சுற்றித் திரியும். கண்ணாடி விரியன் கீழ்க்காட்டுக் கல்லிடுக்கில் கிடக்கும். மிதிக்காதவரை அதன் சோலியை அது பார்க்கும். கூட வேலை செய்கிற பெண்கள் அலறிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்கினால், "விடுங்கடி, அதுவும் வேலைக்குத்தான் வந்துருக்கு" என்று சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள்.

அன்றைக்குக் கண்ட கண்ணாடி விரியன் கிடக்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. பகல் பதினொரு மணிக்கு, காப்பிச் செடிகளுக்கு நடுவே, மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. மண்வெட்டியைத் தரையில் தட்டிப் பார்த்தாள். அது சீறவும் இல்லை, நிற்கவும் இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போகிற ஆள் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

புதன்கிழமை காலை, வேலைக்குப் போகிற தடத்தில், மண்ணுக்குள்ளேயே ஆயுசைக் கழிக்கிற விரல் தண்டிப் பாம்புகள் ஏழெட்டு வெளியே வந்து நெளிந்தன. வியாழக்கிழமை மேல்காட்டில், ஓடையிலிருந்து அரை மைலுக்கு மேலே, மிளகுக்கொடியைச் சுற்றிக்கொண்டு ஒரு பச்சை விரியன்.

மழை அதுவரை தொடங்கவே இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. ஐப்பசியில் கம்பளி இல்லாமல் தூங்க முடிந்ததே அதிசயம். காற்று செத்துப்போய், சில்வர் ஓக் மரத்தின் உச்சி இலைகூட அசையவில்லை. பெண்கள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வேலை செய்தார்கள்.

வியாழன் சாயங்காலம் ரொட்டி தட்டிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்.

"ஏங்க, பாம்பெல்லாம் மேட்டுக்கு ஏறுது."

சோலைமுத்து அடுப்புக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தான். கீழே அய்யம்பாளையத்துக்காரன். வாலிபத்தில் ஆரஞ்சுக் கூடை சுமக்க மலையேறி வந்தவன், இவளைக் கண்டு அப்படியே தங்கிவிட்டான். சிலோன்காரியைக் கட்டாதே என்று அண்ணன் திருமலைச்சாமி சொன்னதற்கு, "கட்டுனா அவளத்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவன்.

"ஏறுனா ஏறட்டும் புள்ள. மேல மாரியம்மனுக்குக் கூழு ஊத்துறாங்களோ என்னமோ."

"வெளையாடாதீங்க. மூணு நாளாப் பாக்குறேன். சரியான மழை வரப்போகுது. மண்ணு நிக்காது."

"பாம்புக்கு யாரு சொன்னா, ரேடியோவா?"

அவள் பதில் சொல்லாமல் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். அவன் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. அவளுடைய அந்த மௌனத்தை அவன் அறிவான்.

அவளுக்கு ஒன்பது வயதில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒரு விடியற்காலை மலை இறங்கி, தோட்டத் தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயம் ஒன்றை மூடியது. பதினோரு பேர். அதில் அவளுடைய அத்தையும் அத்தையின் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரையும் மண்ணிலிருந்து எடுத்து மறுபடி மண்ணில் வைத்து முடித்த பிறகு, அவளுடைய அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சொன்னாள்: 'மூணு நாளாப் பாம்பு ஏறிச்சு. கண்ணால பாத்தேன். சொன்னா சிரிப்பாங்கன்னு சொல்லல.' கப்பலேறி வந்து மண்டபம் முகாமில் கிடந்தபோதும், கொடைக்கானலில் கல்லுடைத்தபோதும் அந்த அம்மா அதையே சொல்லிச் சொல்லிச் செத்தாள். அமிர்தவல்லி அதற்காக அம்மாவை மனசுக்குள் மன்னிக்கவே இல்லை. ஒரு வாய் வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என்ன?

"இப்ப என்ன செய்யணுங்குற?" என்றான் சோலைமுத்து, குரலை இறக்கி.

"குடோனுக்குப் போயிரணும். எல்லாரும்."

அவர்கள் குடியிருந்த லயத்தில் ஏழு வீடுகள் ஒரே வரிசையில், சரிவை ஒட்டி. மேலே குன்றின் தலையில் காப்பி உலர்த்தும் களமும் அதை ஒட்டிக் குடோனும். சாவி, தோட்டத்துக் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஹரிகிருஷ்ணனிடம். பாச்சலூரிலிருந்து மொபெட்டில் வந்துபோகிற மனுஷன். கெட்டவர் இல்லை, முதலாளிக்குப் பயந்தவர்.

வெள்ளிக்கிழமை வெள்ளனே வானம் கறுத்துவிட்டது. அமிர்தவல்லி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். கடைசி வீட்டுச் சண்முகவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள், ஒன்று இடுப்பில், ஒன்று காலடியில்.

"நீ போனா நானும் வாரேன்க்கா. எனக்குப் பாம்பும் தெரியாது, மழையும் தெரியாது. ஒன்னயத் தெரியும்."

ரைட்டர் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்றார்.

"என்னப்பா சோலைமுத்து, உன் சம்சாரம் பாம்பு ஜோசியம் பாக்குதுன்னு நான் மொதலாளிகிட்டச் சொல்லவா? உள்ள அம்புட்டும் சாக்கு, மிளகு, உரம். பிள்ளைக உள்ள ஒண்ணுக்குப் போனா யார் பொறுப்பு?"

சோலைமுத்து தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"நான் பொறுப்புங்க. ஒரு சாக்கு நனையாது. ஒழுகுற எடத்துல கெடக்குறதையெல்லாம் நானே தூக்கி அடுக்குறேன்."

"உனக்கே நம்பிக்க இல்லன்னு மூஞ்சியப் பாத்தாத் தெரியுதே."

"பாம்பு மேல இல்லைங்க. எங்க வீட்டுக்காரி மேல இருக்கு."

ரைட்டர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

பொழுது இறங்கும்போது, சிரித்தவர்களும் வானத்தைப் பார்த்துவிட்டுச் சேர்ந்துகொள்ள, ஏழு குடும்பமும் சட்டியும் பாயுமாக மேட்டுக்கு ஏறின. பாதி வழியிலேயே மழை பிடித்துவிட்டது. துளித்துளியாகத் தொடங்குகிற மழை இல்லை. குடத்தைக் கவிழ்த்த மாதிரி. குடோனுக்குள் போனதும் அமிர்தவல்லி கம்பை எடுத்து, பிள்ளைகள் படுக்கும் முன்பக்கத்தை மூலைமூலையாகத் தட்டினாள். அதற்குள் இருட்டிவிட்டது. ஈரத்தில் பிள்ளைகள் நடுங்கி அழுதார்கள். பின்சுவரை ஒட்டிக் காலிச் சாக்குகள் இடுப்பளவு உயரத்துக்குக் குவிந்துகிடந்தன. அந்தக் குவியலை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இரவெல்லாம் தகரக்கூரையில் மழை இடித்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. சிரித்தவர்கள் எல்லோரும் சிரிப்பை மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

விடிந்து வெளிச்சம் வந்தபோது பின்சுவரோரம் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அமிர்தவல்லி முன்வாசலில் மூன்று கல் வைத்துத் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். சோலைமுத்து சொன்ன வாக்குக்கு, சாக்குகளை நனையாத இடத்துக்கு மாற்ற ஆரம்பித்தான். நாலைந்து கட்டு எடுத்திருப்பான்.

"புள்ள" என்று கூப்பிட்டான். சத்தமாகக்கூட இல்லை. "கொஞ்சம் வெரசா வா."

அவள் போனபோது அவன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு இடத்தில் ரத்தம் முத்துக் கட்டியிருந்தது. காலடியில் குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சீறல்.

சண்முகவள்ளியின் புருஷன் ஞானவேலும் பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டியும் கம்போடு ஓடிவந்து அதை அடித்தார்கள். கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டங்கள். செவ்வாய்க்கிழமை பார்த்ததுதானா? யார் சொல்ல முடியும்? அன்றைக்கு அவள் கையில் மண்வெட்டி இருந்தது. அது மட்டும் உறுதி.

மழையில் ஊர் திரும்ப முடியாமல் இரவு அங்கேயே தங்கிவிட்ட ரைட்டரின் போனுக்கு டவர் கிடைக்கவில்லை. ஊர்ப்பக்கம் போன ஆள் முக்கால் மணி நேரத்தில் திரும்பி ஓடிவந்தான்: ரோட்டில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து, ஒரு இடத்தில் ரோடே இல்லை. அதற்குள் சோலைமுத்துவின் கை முழங்கைவரை வீங்கிவிட்டது.

"பழைய பொதிமாட்டுத் தடத்துல எறங்கிருவோம்" என்றான் செல்லப்பாண்டி. "அஞ்சு மணி நேரத்துல அய்யம்பாளையம். அங்கன காரு கெடைக்கும்."

கம்பளியைச் சில்வர் ஓக் கழியில் தூளியாகக் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். அமிர்தவல்லி கூடவே நடந்தாள். குடைக்கு அந்த மழையில் வேலையில்லை. தடம் ஓடையாக மாறி, காலுக்குக் கீழே கல் உருண்டது. தூக்குகிறவர்கள் வழுக்கி வழுக்கிச் சுதாரித்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் அவன் பேசிக்கொண்டே வந்தான்.

"சிலோன்காரியக் கட்டுனா என்ன கெடைக்கும்னு எங்கண்ணன் கேட்டான். பாரு, பல்லக்குல ஊருக்குப் போறேன்."

"பேசாம வாங்க."

"கோழியத் தொறந்து விட்டியா?"

"எல்லாம் விட்டாச்சு."

"பாப்பாகிட்டச் சொல்லாத. பதறிக்கிட்டு வந்துரும். பஸ்ஸும் ஓடாது."

பாப்பா என்றது மகாதேவியை. இருபது வயது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறாள். மாசத்துக்கு ஒருமுறை வருவாள். வந்தால் அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பேச்சில் இடம் கிடையாது. அவளுக்கு அதில் வருத்தமும் கிடையாது.

இரண்டாவது மணி நேரத்தில் அவன் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. மழை அதையும் கழுவிக்கொண்டே இருந்தது.

"நான்தாங்க" என்றாள். "செவனேன்னு வீட்டுல கெடந்த மனுசன நான்தான் கூட்டிட்டுப் போய் அங்கன படுக்க வச்சேன்."

அவன் கண்ணைத் திறந்தான். பேசுவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

"ஏ, அதுவும் ஒண்ட எடம் தேடித்தான ஏறி வந்துச்சு? நாமளும் அதுக்குத்தான் ஏறுனோம். மேட்டுல இருக்குறது ஒரே எடம். அது என்ன செய்யும், நீ என்ன செய்வ?"

அதற்கப்புறம் அவன் அதிகம் பேசவில்லை. வலியில் முனகினான். ஞானவேல் அழுதுகொண்டே கழியைச் சுமந்தான். வழியில் ஒரு பாறைக்கு அடியில் இறக்கி வைத்துத் தோள் மாற்றியபோது, எங்கேயோ மேலே, மலைக்குள்ளிருந்து, ஒரு பெரிய வண்டி கல்லைக் கொட்டின மாதிரி சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

மதியத்துக்கு மேலே மரங்கள் விலகி, கீழே மருதாநதி அணை தெரிந்தது. செக்கச்செவேலென்று நிறைந்து கிடந்தது. ஷட்டரைத் திறந்துவிட்டிருந்தார்கள், அந்த இரைச்சல் மலைக்கு ஏறி வந்தது.

"ஏங்க, டேம் தெரியுது. உங்க ஊரு வந்துருச்சு. பாருங்க" என்றாள்.

அவன் பார்க்கவில்லை. அவள் கன்னத்தைத் தொட்டாள். மூக்கருகே கையை வைத்தாள். மழையில் அவள் கைக்கு எதுவும் தெரியவில்லை. செல்லப்பாண்டிதான் குனிந்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நிமிராமல் அப்படியே இருந்தான்.

"எறக்காதீங்க" என்றாள் அமிர்தவல்லி. "எறக்காம கொண்டுபோங்க. ஈரத்துல வைக்காதீங்க."

அன்று சாயங்காலமே அய்யம்பாளையத்தில் அடக்கம் ஆனது. அண்ணன் திருமலைச்சாமி, தம்பியின் முகத்தைப் பார்த்து, இருபத்து நாலு வருஷக் கோபத்தையும் கண்ணீரில் கரைத்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து நாயுடுபுரம் லாட்ஜுக்குப் பேசியதும் அவர்தான். கொடைக்கானல் மலைப்பாதை மூன்று இடத்தில் சரிந்துகிடந்தது. மகாதேவி போனில் கத்தினாள்: நடந்தே வருகிறேன், வைத்திருங்கள் என்று. வைத்திருக்க முடியவில்லை.

மறுநாள் மேலேயிருந்து ஆள் வந்தான். நேற்று மதியத்துக்கு முன்னாலேயே லயத்துக்கு மேலிருந்த சரிவு இறங்கிவிட்டதாம். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது வீடு மூன்றும் போன இடம் தெரியவில்லையாம். ஞானவேல் அதைக் கேட்டுவிட்டு, மழையில் தெருவில் மண்டியிட்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டான். பிறகு அமிர்தவல்லியைப் பார்த்தான். அவள் பக்கம் திரும்பிக் கும்பிடத் தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இறக்கினான்.

"எங்க வீடு?" என்று கேட்டாள் அமிர்தவல்லி.

வந்தவன் தயங்கினான். "மொத வீடு பாறை மேலதான இருக்கு மதினி. ஒண்ணும் ஆகல."

ஐந்தாம் நாள் மகாதேவி வந்து சேர்ந்தாள். இருவரும் சேர்ந்து மலையேறி வீட்டுக்குப் போனார்கள். பூட்டைத் திறந்தால், அடுப்பில் சாம்பல் காய்ந்தபடி இருந்தது. ஆணியில் அவனுடைய பழைய ஸ்வெட்டர். வியாழக்கிழமை ரொட்டி தட்டின கல் கழுவாமல் அப்படியே. கூரையில் ஒரு சொட்டு ஒழுகிய தடம் இல்லை.

மகாதேவி நடுவீட்டில் நின்று சுற்றிலும் பார்த்தாள்.

"எல்லாம் ட்ரையா இருக்கு" என்றாள்.

அமிர்தவல்லி கழுவாத ரொட்டிக் கல்லைக் கையில் எடுத்தாள்.

"அப்பா இங்கயே படுத்துருந்தா இப்ப இருந்துருக்கும். உனக்கு யாரும்மா சொன்னா? டிவியில சொன்னாங்களா? கலெக்டர் சொன்னாரா? பாம்பு ஏறுச்சாம், பாம்பு! ஒரு பாம்பப் பாத்துட்டு எங்கப்பாவக் கொண்டுபோய்..."

அப்பாவின் ஸ்வெட்டரை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். பதினாறு முடிந்ததும் கிளம்பிப் போனாள். போகும்போது, "வாரேன்" என்று வாசல் பக்கம் பார்த்துச் சொன்னாள். அப்புறம் மாசம் பிறந்தால் ஒரு போன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அந்த ஒரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து 'அம்மா' வரவில்லை.

வீடிழந்த மூன்று குடும்பத்துக்கும் களத்தோரம் தகரக்கொட்டகை போட்டுக் கொடுத்தார்கள். அங்கே குடியேறிய அன்று சண்முகவள்ளி ஒரு தூக்குவாளியில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துக்கொண்டு, இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே பிள்ளைகளின் தலையைப் பிடித்து அமுக்கினாள்.

"பெரியம்மா கால்ல விழுங்க."

"ஏ வள்ளி, அதெல்லாம் வேணாம். எந்திரிக்கச் சொல்லு."

"விழட்டும்க்கா. நீ சொல்லலன்னா இன்னேரம் இதுகள..."

"எந்திரிக்கச் சொல்லுடி!"

பிள்ளைகள் மிரண்டுபோய் எழுந்தன. சண்முகவள்ளி அவர்களை வெளியே விளையாட அனுப்பிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள். களி ஆறியது.

"அக்கா, என்னய நாலு வார்த்த வஞ்சிரு" என்றாள் சண்முகவள்ளி. "எம் பிள்ளைகளப் பாக்குறப்பல்லாம் உனக்கு என்ன தோணும்னு எனக்குத் தெரியும். அதுக முழிச்சுக்கிட்டுத் திரியுறது எனக்கே குத்தமாத் தெரியுது. வஞ்சிருக்கா, எனக்கு மனசு ஆறும்."

"ஒன்னய எதுக்குடி வையணும்?"

"பெறகு யார வைவ?"

அமிர்தவல்லி யோசித்தாள். பெற்ற தாயை வைதுகொண்டு முப்பத்தேழு வருஷம் ஓட்டியிருந்தாள். இப்போது வைய ஆள் இல்லை. வெளியே சின்னவள் எதற்கோ கெக்கெக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததும், அத்தனை நாளும் இறுக்கிப் பிடித்து வைத்திருந்தது உடைந்து, அமிர்தவல்லி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "இருக்கட்டும்டி, அதுக இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். சண்முகவள்ளி கிட்டே வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

களையும் கவாத்தும் பழம் பறிப்பும் மிளகும் என்று வருஷம் ஓடியது. பாம்பு எங்கே கிடக்கும் என்று இப்போதும் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள். மண்ணைப் பார்த்து வேலை செய்தாள்.

மறு ஐப்பசியில் வருஷத் திதிக்கு மகாதேவி வந்தாள். திதிக்கு முதல் நாள் காலையில் சண்முகவள்ளியின் மூத்தவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பாதியில் திரும்பி ஓடிவந்தாள். கண்ணாடி விரியன் ஒன்று தடத்தைத் தாண்டி மேட்டுக்கு ஏறிற்றாம். வேலைக்குப் போன பெண்களும் வந்து சொன்னார்கள், மேல்காட்டில் இரண்டு. பத்து மணிக்கெல்லாம் ஏழு குடும்பமும் அமிர்தவல்லியின் வாசலில் நின்றது. ரைட்டர்கூட மொபெட்டை நிறுத்திவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்றார்.

அவள் உள்ளே திதிக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, என்ன செய்யச் சொல்ற?" என்றான் செல்லப்பாண்டி. "போவமா, வேணாமா?"

மகாதேவி வாசலுக்கு வந்தாள்.

"எங்க வீட்டுல என்ன வெதர் ஸ்டேஷனா வச்சுருக்கோம்? போன வருஷம் கேட்டது பத்தாதா உங்களுக்கு? நாளைக்கு எங்கப்பாவுக்குத் திதி. ப்ளீஸ், போங்க."

யாரும் போகவில்லை.

அமிர்தவல்லி கை மாவை வழித்துச் சட்டியில் போட்டாள். சொல்லாமல் இருந்துவிடலாம். அம்மா ஏன் சொல்லவில்லை என்று ஒன்பது வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வருஷமாக அந்தக் கேள்வி அவளிடம் இல்லை. சொன்னாலும் சாவு, சொல்லாவிட்டாலும் சாவு என்றால் வாய் எதற்கு? வாசலில் சண்முகவள்ளி நின்றுகொண்டிருந்தாள், இடுப்பில் சின்னவளோடு.

அமிர்தவல்லி எழுந்து வந்தாள்.

"எனக்குத் தெரியல செல்லப்பாண்டி" என்றாள். "மழ வருமா வராதா, மண்ணு எறங்குமா எறங்காதான்னு சத்தியமாத் தெரியல. பாம்பு ஏறுது. அம்புட்டுத்தான் தெரியும். சாவிய வாங்கியாங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

ரைட்டர் முன்னால் வந்து சாவியை அவள் கையிலேயே கொடுத்தார்.

எல்லோரையும் களத்தில் நிறுத்திவிட்டு, ஒரு கம்போடு அவள் மட்டும் குடோனுக்குள் போனாள். ஓராண்டாக அந்த வாசலை மிதிக்காதவள். முன்பக்கத்தைத் தட்டினாள். மிளகு மூட்டைகளைத் தட்டினாள். உர மூட்டைகளுக்கு நடுவே கம்பைவிட்டுத் துழாவினாள். கடைசியில் பின்சுவருக்கு வந்தாள். காலிச் சாக்குகள் போன வருஷம் போலவே இடுப்பளவுக்குக் கிடந்தன. அவற்றின் முன்னால் நின்றாள். பிறகு கம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்து, வெறுங்கையைச் சாக்குக்கு அடியில் விட்டாள்.

"அம்மா!"

மகாதேவி வாசலில் நின்று கத்தினாள். ஓடிவந்து அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"கைய எடும்மா! என்ன பண்ற நீ? எனக்குன்னு இருக்குறது நீ ஒரு ஆளு. கைய எடு!"

அமிர்தவல்லி கையை எடுத்தாள். மகள் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவள் மாதிரி பார்த்தாள். மகாதேவி கம்பை எடுத்துக்கொண்டாள்.

"நான் தட்டுறேன். தட்டுன பெறகு நீ உருவு. சரியா?"

ஒவ்வொரு சாக்காக எடுத்தார்கள். மகள் தட்ட, அம்மா உருவி உதறி, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்து, அந்தப் பக்கம் போட்டாள். தூசியும் காப்பித்தொலி வாடையும் எழும்பி இருவரும் இருமினார்கள். பூரான் ஒன்று வந்தது. எலிக்குஞ்சுகள் நாலு கண் திறக்காமல் கிடந்தன. கடைசிச் சாக்கையும் எடுத்த பிறகு வெறும் சிமெண்டுத் தரை தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

மகாதேவி அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயா?" என்றாள்.

"இங்கதான்" என்றாள் அமிர்தவல்லி. "இப்படித்தான் நின்னாரு. கையப் புடிச்சுக்கிட்டு. புள்ளன்னு கூப்புட்டாரு. சத்தமே இல்லாம."

"அப்பறம்?"

அவள் சொன்னாள். கம்பளித் தூளியைச் சொன்னாள். பல்லக்கில் போகிறேன் என்று சிரித்ததைச் சொன்னாள். பாப்பாகிட்டச் சொல்லாதே, பஸ் ஓடாது என்று சொன்னதைச் சொன்னபோது மகாதேவி அந்தத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே செல்லப்பாண்டி, "மதினி, பிள்ளைகள உள்ள விடலாமா?" என்று இரண்டாம் தடவையாகக் கேட்டான்.

"விடுப்பா" என்று குரல் கொடுத்தாள் அமிர்தவல்லி. "மொதல்ல அதுகள விடு."

திதியைக் களத்திலேயே இலை போட்டுக் கொடுத்தார்கள். அந்த முறை பெருமழை வரவில்லை. இரண்டு நாள் சாரல் அடித்தது, மூன்றாம் நாள் வெயில் வந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூன்று இரவும் மகாதேவி, அம்மாவைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிப் படுக்கச் சொல்லிவிட்டு, அவளுக்கும் பின்சுவருக்கும் நடுவில் தன் பாயை விரித்துக்கொண்டாள்.